உள்மூலம்: மிளகாயைக் கைகாட்டுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாத் தூளைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். காரம் உச்சத்தில் நிற்கும் கலவையின் மேல் 'மாமியாரை ஒழிக்கும் மசாலா' என்று பொருள்படும் அட்டை செருகியிருக்கும். மாமியார்களுக்கு அதனால் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது மலம் கழிக்கும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் போனால் முதல் பழி அந்த மசாலாவின் மேல்தான் விழும். "காரம் தின்று உடம்பு சூடாகிவிட்டது, அதுதான் மூலம்" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் மூலம் இருந்த 50 பேருக்கு ஒருமுறை மிளகாயின் காரச்சத்து அடைத்த மாத்திரையும், இன்னொரு முறை ஒன்றுமில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். எது எதுவென்று நோயாளிக்குத் தெரியாது. ரத்தப்போக்கு, வலி, அரிப்பு, வீக்கம் எதிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்த சோதனைதான், வருடக்கணக்கான பழக்கத்துக்கு அது முழுப் பதில் ஆகாது. ஆசனவாயில் வெடிப்பு உள்ளவருக்குக் காரம் எரியத்தான் செய்யும், அது வேறு நோய். மூலத்தை மிளகாய் உண்டாக்குகிறது என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. பழியை அதன் மேல் போட்டுவிட்டு உண்மையான காரணங்களைத் தொடாமல் விடுவதுதான் நடக்கிறது.

அந்தக் காரணங்களைப் புரிந்துகொள்ள மூலம் என்பது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஆசனவாய்க் குழாயின் நீளம் 3 முதல் 4 சென்டிமீட்டர். அதன் மேற்பகுதியில், உள்தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்களும் தசையிழைகளும் நார்த்திசுவும் சேர்ந்த மெத்தைகள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. பிறந்த குழந்தைக்கும் இவை உண்டு. குழாய்க்கு வாஷர் போட்டு இறுக்குவது போல, காற்றும் நீர்மலமும் நம்மை அறியாமல் கசியாதபடி அடைத்து வைப்பது இவற்றின் வேலை. ஓய்வாக இருக்கும்போது ஆசனவாயை மூடி வைக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு இவை தருவதுதான்.

ஆகவே மூலம் என்பது புதிதாக முளைத்த கட்டி அல்ல. இருந்த மெத்தை இடம் நழுவுகிறது, வீங்குகிறது. இதைத் தெளிவாகச் சொன்னது 1975-இல் வெளியான தாம்சனின் ஆய்வு. அதுவரை காலில் நரம்பு சுருள்வது போலத்தான் இதுவும் என்று பரவலாக நம்பினார்கள். மெத்தையைச் சுவரோடு பிடித்து வைக்கும் நார்களும் தசையிழைகளும் தளர்ந்து அறுபடும்போது மெத்தை கீழே சறுக்குகிறது, சறுக்கிய மெத்தையில் ரத்தம் தேங்கிப் புடைக்கிறது. மெத்தைக்குள் நுண்தமனிகள் நேரடியாகச் சிரைகளோடு இணைந்திருப்பதால் வரும் ரத்தம் கறுப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். அந்தப் பகுதிக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. உள்மூலம் வலிக்காமல் ரத்தம் மட்டும் காட்டுவது அதனால்தான். உள்ளேயே இருந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போனால் இரண்டாம் நிலை, விரலால் தள்ள வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை, தள்ளினாலும் போகாவிட்டால் நான்காம் நிலை.

இதை வைத்துப் பார்த்தால் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது இரண்டு வழிகளில் ஒன்றில்தான் வேலை செய்ய முடியும். ஒன்று, பிடித்து வைக்கும் நாரைத் தளர்த்த வேண்டும். அல்லது மெத்தையைக் கீழே தள்ளும் அழுத்தத்தை நீட்டிக்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. இரண்டாவதில் பாதிக்கு மேல் கழிவறைக்குள்ளேயே முடிவாகிறது.

கமோடில் உட்காரும்போது என்ன நடக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்தால் பிட்டமும் இடுப்படித் தளமும் பலகையில் தாங்கி நிற்கும். கமோடின் வளையத்தில் ஓட்டை நடுவில் இருப்பதால் இடுப்படித் தளத்துக்குத் தாங்கல் இல்லை. அது தொங்குகிறது, மெத்தைகளில் ரத்தம் இறங்குகிறது. முக்கவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். முன்பு இந்த நேரத்தைக் கூட்டியது செய்தித்தாள், இப்போது கைப்பேசி. பாஸ்டனில் பெருங்குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரை வைத்து 2025-இல் வெளியான ஆய்வில் 66 விழுக்காட்டினர் கழிவறையில் கைப்பேசி பார்ப்பவர்கள். அவர்களில் 37 விழுக்காட்டினர் ஒருமுறைக்கு 5 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள், பார்க்காதவர்களில் அப்படி உட்கார்ந்தது 7 விழுக்காடுதான். வயது, எடை, உடலுழைப்பு, நார்ச்சத்து, முக்குதல் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் கைப்பேசிக்காரர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு கூடுதல். சிறிய ஆய்வு, ஒரே மருத்துவமனை. இதுவே இறுதிச் சொல் என்று கொள்ள முடியாது. ஆனால் உடற்கூறு சொல்வதோடு அது ஒத்துப்போகிறது, மாற்றிக்கொள்வதற்குக் காசும் ஆகாது.

மாற்றுவது எப்படி என்பதில் தவறுகள் நடக்கின்றன. 'தினமும் காலையில் போயே தீர வேண்டும்' என்று உந்துதல் வராமலேயே போய் உட்காருவது முதல் தவறு. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவு முடிந்த 15 முதல் 30 நிமிடத்துக்குள் அந்த அசைவு வலுவாக இருக்கும், அப்போது போக வேண்டும். 5 நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும், மறுபடி உந்துதல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பாதத்துக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர மணை வைத்து, முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நிற்கும்படி முன்னால் சாய்ந்தால் மலக்குடலின் மடிப்பு நிமிரும். 28 பேரை வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கமோடில் உட்கார்ந்தவருக்குச் சராசரியாக 130 விநாடி பிடித்த வேலை குந்தி உட்கார்ந்தபோது 51 விநாடியில் முடிந்தது. முழங்கால் தேய்ந்த பாட்டி குந்தத் தேவையில்லை, மணை போதும். மூச்சைப் பிடித்து முக்குவதை விட வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டபடி அடிவயிற்றை முன்னால் தள்ளுவது நல்லது. வந்து முடிந்த பிறகும் 'இன்னும் இருக்கிறது' என்று தோன்றுவது பல சமயம் வீங்கிய மெத்தையே மலம்போல உணர்த்தும் ஏமாற்று. அதை நம்பி மேலும் முக்கினால் அதுவே மூலத்தை வளர்க்கும்.

மலச்சிக்கலுக்கு வருவோம். எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான், ஆனால் சான்றுகள் அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் 1990-இல் வெளியான பெரிய புள்ளிவிவர ஆய்வு ஒன்று மலச்சிக்கல் பரவியிருக்கும் விதமும் மூலம் பரவியிருக்கும் விதமும் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. மலச்சிக்கல் வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது. மூலமோ 45 முதல் 65 வயதில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. அதற்கு மாறாக 2015-இல் 2,800-க்கும் மேற்பட்டவர்களைப் பெருங்குடல் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்த ஆய்வில் மலச்சிக்கல் உள்ளவருக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தானியத்து நார்ச்சத்து அதிகம் உண்டவருக்கு வாய்ப்பு குறைந்தது. இந்த முரண்பாட்டை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறோம் என்பது முக்கியமல்ல. மலம் எவ்வளவு கெட்டி, அதை வெளியேற்ற எவ்வளவு நேரம் முக்குகிறோம் என்பதே கணக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை இளக்கமாகப் போகிறவர் தினமும் முக்கிப் போகிறவரை விடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

நார்ச்சத்தைப் பற்றிய இந்தப் பேச்சே தென்னாப்பிரிக்காவோடு தொடர்புடையது. உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், ஜொகன்னஸ்பர்க் ஆய்வாளர் ஏ.ஆர்.பி. வாக்கர், இங்கிலாந்தின் நீல் பெயின்ட்டர் மூவரும் சேர்ந்து 1972-இல் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கிராமத்து ஆப்பிரிக்கர்களின் மலம் கனமாக, ஒன்றரை நாள் அளவில் உடலைக் கடந்து வெளியேறியது. ஆங்கிலேயருக்கு எடை குறைவாக, அதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. வேறுபாடு தட்டில் இருந்தது என்றார்கள். அந்தக் கிராமத்து ஆப்பிரிக்கர் தட்டில் இருந்தது தவிடு நீக்காத தானியமும் அவரையும்.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இன்று தட்டில் என்ன இருக்கிறது? ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து கொண்டுவந்த ஒப்பந்தக் கூலியாட்களை டர்பனில் இறக்கியபின் அரிசியும் பருப்பும் மக்காச்சோள மாவும் கலந்து வளர்ந்த சமையல் அது. நார் நிறைந்த பொருள்கள் அதில் ஏராளம். ஷுகர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், கட்ரா பீன்ஸ், ஹெர்ப்ஸ் என்று அங்கே அழைக்கப்படும் கீரை, அங்கே அமடும்பே என்று அழைக்கப்படும் சேப்பங்கிழங்கு. மக்காச்சோள மாவை உதிரி உதிரியாக வேக வைத்தால் ஜூலுக்காரர்கள் சொல்லும் பூத்து. நம் புட்டுக்கும் அதற்கும் பெயரில் மட்டும் ஒற்றுமை, ஆனால் பக்கத்தில் பீன்ஸ் கறி வைத்தால் இரண்டுக்கும் ருசி ஒன்றுதான். சிக்கல் எங்கே என்றால் மாவின் ரகத்தில். மீலி மீல் என்று விற்கும் மக்காச்சோள மாவுப் பொட்டலத்தில் 'சூப்பர்' என்று போட்டிருந்தால் தவிடும் முளையும் பெரும்பாலும் போய்விட்டன என்று பொருள். 'அன்சிஃப்டட்' என்று இருப்பதுதான் சலிக்காதது. டர்பன் ரொட்டி முழுக்கோதுமை மாவில் அல்ல, தவிடு நீக்கிய வெள்ளை கேக் மாவில் பிசையப்படுகிறது. மிருதுவாக வரும், தவிடு இருக்காது.

ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பித் தரும் டர்பன் உணவான பன்னி சவ்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 700 கிராம் வெள்ளை ரொட்டியின் கால் பங்கு என்றால் 175 கிராம், அதில் நார்ச்சத்து 4 கிராம் அளவு. உள்ளே மட்டன் கறி ஊற்றினால் கறி வழியாகக் கிடைப்பது கிட்டத்தட்டப் பூஜ்யம். அதே ரொட்டிக்குள் வெந்த பீன்ஸ் 200 கிராம் போனால் 12 கிராமுக்கு மேல் கூடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் தேவை. ஒரு பீன்ஸ் பன்னி அதில் பாதியைத் தந்துவிடும். பிரியாணியில் டர்பன்காரர்கள் போடும் முழு மசூர்ப் பயறும் சும்மா அலங்காரம் அல்ல, வெந்த பயறு 100 கிராமில் 8 கிராம் நார் இருக்கிறது. கொய்யாப்பழம் 100 கிராமில் 5 கிராம். வேகவைத்த வெள்ளைச் சோறு ஒரு கப்பில் 1 கிராம்கூட இல்லை. ரொட்டி வாங்கும்போது இன்னொன்று: அந்நாட்டில் பிரவுன் பிரெட்டுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, வெள்ளை ரொட்டிக்கு 15 விழுக்காடு உண்டு. நார் அதிகமுள்ள ரொட்டி விலையும் குறைவாக இருக்கும் அரிய ஊர்.

புரட்டாசி பிறந்தால் டர்பன் தமிழ் வீடுகளில் ஒரு மாதம் மாமிசம் கிடையாது. நார்ச்சத்து கூடும் மாதமாகத்தான் அது இருக்க வேண்டும். பல வீடுகளில் நடப்பது வேறு. உருளைக்கிழங்குக் கறி, கேக் மாவு ரொட்டி, வடை, அப்பளம், விரதச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு என்று முடிந்தால் மாமிசம் போனதே தவிர நார் வரவில்லை. விரத நாளில் நீரும் குறைவாகக் குடித்தால் மலம் இறுகும். பீன்ஸும் கீரையும் பூசணியும் தட்டில் இருக்கும் வீட்டுக்குத்தான் புரட்டாசியின் பலன்.

நாரைக் கூட்டும்போது ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி, வாயு பிடித்து, 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறுவாரமே நின்றுவிடுவார்கள். நாலைந்து நாளுக்கு 5 கிராம் வீதம் ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். பீன்ஸை இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். இசப்கோல் எடுப்பவர் ஒரு தேக்கரண்டிக்கு ஒரு முழு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி நீர் சேர்த்து உடனே குடிக்க வேண்டும். நீர் குறைந்தால் அது கூழாக ஊறுவதற்குப் பதில் களிமண்போல அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே மூலம் உள்ளவருக்கு நார்ச்சத்து பயன் தருமா என்று 7 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தொந்தரவு நீடிக்கும் வாய்ப்பும் ரத்தப்போக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. வெளியே தள்ளிய மெத்தையை நார்ச்சத்து உள்ளே இழுத்துவிடாது, அந்த எதிர்பார்ப்பு வேண்டாம்.

அடக்கி வைப்பதும் ஒரு காரணம், அதைப் பேசுவது குறைவு. டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் இடையே லாரி ஓட்டுகிறவர், பொதுக் கழிவறை அருவருப்பாக இருப்பதால் வீடு திரும்பும் வரை பொறுக்கும் பள்ளிப்பிள்ளை, கையில் சொம்பு இல்லாத இடத்தில் போகவே மனம் வராத அம்மா. உந்துதலை அடக்கினால் மலம் பின்னால் தள்ளப்பட்டுப் பெருங்குடல் அதிலிருந்து இன்னும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் வரும்போது கல்லாக இருக்கும். பயணத்தில் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டி கைப்பையில் இருந்தால் இந்தச் சங்கடத்தில் பாதி தீரும். வாசனை ஏற்றிய ஈரத்தாள்கள் அதற்கு மாற்று அல்ல. அவை தோலை அரித்துவிட, அந்த அரிப்பையும் மூலம் என்று எண்ணிக் களிம்பு தடவுவார்கள்.

வயிற்றுப்போக்கும் மூலத்தோடு சேர்ந்து காணப்படுகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை போய் உட்காருவதும் உட்காருவதுதானே. தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அதற்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பேதியைத் தரும், சாப்பாட்டோடு எடுத்தாலோ மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. எதிர்ப்பக்கம் இறுக்கும் மருந்துகள்: இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து. எல்லாவற்றிலும் மோசம் கோடீன். அந்நாட்டில் கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் மருத்துவர் சீட்டு இல்லாமலே பார்மசியில் கிடைக்கின்றன, பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். தலைவலிக்கு என்று வாரத்தில் நாலைந்து நாள் அதை விழுங்குகிறவருக்கு மலம் ஏன் இறுகுகிறது என்று சமையலறையில் தேடிப் பயனில்லை.

கர்ப்பம், முன்பு சொன்ன இரண்டு வழிகளிலும் வேலை செய்யும் காரணம். கர்ப்பத்தில் கூடும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது, திசுக்களைத் தளர்த்துகிறது. கருப்பை பெருத்து இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. இரும்பு மாத்திரை மலத்தை இறுக்குகிறது. கடைசியில் பிரசவத்தில் முக்குவது. கடைசி மூன்று மாதமும் பிள்ளை பெற்ற முதல் சில வாரமும் தொந்தரவு அதிகம் தெரியும் காலம், பெரும்பாலோருக்குப் பிறகு தானே குறையும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காயும் பழமும் தண்ணீரும் குறைத்துக் கொடுக்கும் வீடுகளில் அது குறைய நாளாகும்.

வயதையும் பிறப்பையும் மாற்ற முடியாது. மெத்தையைப் பிடித்திருக்கும் நார் இருபது வயதைத் தாண்டியதிலிருந்தே மெல்ல மெல்ல நலிகிறது. குடும்பத்தில் வருவதும் வெறும் பேச்சல்ல: சுமார் 9,44,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, மூலத்தோடு தொடர்புடைய 102 இடங்களைக் காட்டியது. அவற்றில் பல, மென்தசையையும் நார்த்திசுவையும் ரத்தக் குழாயையும் கட்டமைக்கும் மரபணுக்கள். ஆனால் மரபின் பங்கு சிறியது, ஒரே வீட்டில் ஒரே சமையலும் ஒரே கழிவறைப் பழக்கமும் இருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல் எடை பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன. ஆஸ்திரியாவில் 2012-இல் கண்டது எடை கூடினால் மூலம் கூடுகிறது என்று, மலச்சிக்கலில் பார்த்த 2015-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில் தொடர்பே இல்லை. 'உட்கார்ந்தே வேலை செய்தால் மூலம்' என்பதும் அப்படித்தான், அந்த 2015 ஆய்வில் அதிகம் உட்காருபவர்களுக்கு மூலம் சற்றுக் குறைவாகவே இருந்தது! நாற்காலியைக் கமோடோடு குழப்பக் கூடாது. பாரம் தூக்குவதற்குச் சான்று மெலிது. மூச்சைப் பிடித்துத் தூக்குகிறவருக்கு அடிவயிற்று அழுத்தம் ஏறும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓயாத இருமல், புராஸ்டேட் வீங்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, இவையும் அதே கணக்கு. குடித்துக் குடித்து ஈரல் சுருங்கியவருக்கு மலக்குடலில் சிரைகள் புடைத்து ரத்தம் கொட்டுவதுண்டு. அது மூலம் அல்ல. மூலம் என்று எண்ணி அதை வெட்டப்போனால் ஆபத்து.

மேலே சொன்ன ஆஸ்திரிய ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. சோதித்த 976 பேரில் 380 பேருக்கு மூலம் இருந்தது, அவர்களில் 210 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதாவது மூலம் இருப்பது மிகச் சாதாரணம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பெருங்குடல் புற்று உள்ளவருக்கும் மூலம் இருக்கலாம், இரண்டும் ரத்தம் காட்டும். மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு ரத்தம், ஆறு வாரத்துக்கு மேல் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, 45 வயதுக்குப் பின் முதன்முதலாக வரும் ரத்தப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் 'அப்பாவுக்கும் மூலம்தான்' என்று விட்டுவிடாமல் பெருங்குடல் பரிசோதனை கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ரத்தத்தின் நிறம், அது மலத்தின் மேலா தாளிலா சொட்டாகவா, எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள், என்னென்ன மாத்திரை என்பதைச் சொன்னால் பாதி வேலை முடியும். விரல் விட்டுப் பார்த்துவிட்டு 'மூலம் ஒன்றும் இல்லை' என்று யாராவது சொன்னால் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். உள்மூலம் மெத்தென்று அமுங்கிவிடும், விரலுக்குத் தட்டுப்படாது. விரல் சோதனை கட்டி ஏதும் இருக்கிறதா என்று தேடுவதற்கு. மெத்தையைக் காண விரலளவு குழாயான புராக்டோஸ்கோப்பை விட்டு, லேசாக முக்கச் சொல்லி, அதை வெளியே இழுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்து வேலை.